‘கிடைத்தது’ என்னும் சொல்

மதிப்பிற்குரிய அம்மா,

நான் போக்குவரத்துப் பொறியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பேரிடருக்குப் பிறகு மக்களுக்கு உணவு எவ்வாறு கிடைக்கிறது என்பதை ஆராயும் குழு ஒன்றில் ஓராண்டாக இருக்கிறேன். ஊட்டச்சத்தியலாளர் ஒருவர், பொருளியலாளர் ஒருவர், மானுடவியலாளர் ஒருவர், கணினி மாதிரிகள் அமைப்பவர் ஒருவர், நான் என ஐந்து பேர். மாதந்தோறும் கூடி, அவரவர் செய்ததைப் படித்துவிட்டுக் கலைகிறோம். இதுவரை ஐந்து தனிக் கட்டுரைகளின் வரைவுகள் சேர்ந்திருக்கின்றனவே தவிர, ஐவரும் சேர்ந்து ஒரு பத்திகூட எழுதவில்லை. சேதமடைந்த பாலங்களையும் திறந்திருக்கும் சாலைகளையும் கொண்டு, எந்த வீட்டிலிருந்து எந்த வழங்கல் மையம் எவ்வளவு தொலைவு என்று என்னால் துல்லியமாகக் கணக்கிட முடிகிறது. மானுடவியலாளரோ ஒவ்வொரு கூட்டத்திலும் முகாமில் கேட்ட கதைகளையே சொல்லிக்கொண்டிருக்கிறார். அவை மனத்தைத் தொடுகின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் வெறும் கதைகளை எந்தச் சமன்பாட்டில் சேர்ப்பது?

இத்தகைய குழுவுக்கு எந்தத் துறை தலைமையேற்க வேண்டும்? பல துறையினர் சேர்ந்து ஆய்வது உண்மையிலேயே நடக்கக்கூடியதா, அல்லது நிதி பெறுவதற்காகச் சொல்லப்படுவதா? இவ்வகை ஆய்வுக்குத் தமிழில் பொருத்தமான கலைச்சொல் உண்டா? படிக்க வேண்டிய நூல்களின் பட்டியல் ஒன்றும் தந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அன்புடன்,
க.

*

அன்புள்ள க.,

எளிய கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். ‘துறையிடை ஆய்வு’ என்று எழுதுங்கள், போதும். நிதிக்காகக் கூடிய குழுக்களும் நல்ல வேலை செய்ததுண்டு என்பதால் அந்தக் கவலையை விட்டுவிடுங்கள். நூற்பட்டியல் தரமாட்டேன். ஓராண்டாகப் பக்கத்து நாற்காலியில் இருப்பவரின் குறிப்பேட்டை ஒரு முறைகூட வாங்கிப் பார்க்காதவருக்குப் பட்டியல் எதற்கு? தலைமை பற்றிய கேள்விக்கு, மறக்காமல் இருந்தால், கடைசியில் வருகிறேன்.

நான் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உங்கள் கடிதத்தின் இரண்டாவது வரியில் இருக்கும் ஒரு சொல். ‘உணவு எவ்வாறு கிடைக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் ‘கிடைக்கிறது’ சில மாதங்களாக என்னையும் விடாமல் அலைக்கழிக்கிறது. ஒரு பொருள் கடையில் இருந்தாலே அது அங்கே ‘கிடைக்கிறது’ என்கிறோம். நம் கைக்கு வந்து சேர்ந்தாலும் ‘கிடைத்தது’ என்கிறோம். இருப்பதற்கும் பெறுவதற்கும் ஒரே வினைச்சொல்லை வைத்துக்கொண்டு நாம் அன்றாடம் சிக்கலின்றிப் பேசிவிடுகிறோம், ஏனென்றால் சாதாரண நாட்களில் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு பெரும்பாலோருக்குக் கண்ணில் படுவதில்லை. பேரிடர் வந்த மறுநாள் அந்தத் தொலைவு முழுவதும் வெளியே தெரிந்துவிடுகிறது.

1996-ல் ரோமில் நடந்த உலக உணவு உச்சி மாநாடு, போதுமான, பாதுகாப்பான, சத்துள்ள உணவைச் சென்று பெறுவதற்கான வழியும் அதை வாங்குவதற்கான வலுவும் எல்லா மக்களுக்கும் எல்லாக் காலத்திலும் இருப்பதையே உணவுப் பாதுகாப்பு என்று வரையறுத்தது. அந்த வரையறையை வல்லுநர்கள் உணவின் இருப்பு, அது எட்டும் நிலை, உடல் அதைப் பயன்படுத்திக்கொள்ளும் நிலை, இம்மூன்றும் குலையாமல் நிலைத்திருத்தல் என நான்கு கூறுகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பிரித்ததில் தவறில்லை. பாகப்பிரிவினை முடிந்த கையோடு ஆளுக்கொரு பங்கை எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போனதுதான் தவறு. உங்கள் துறைக்குச் சரக்கு மையத்தில் இறங்கி, மையத்துக்குப் பாதை இருந்தால் உணவு கிடைத்துவிட்டது. பொருளியலாளருக்குச் சந்தை திறந்து விலை கட்டுக்குள் இருந்தால் கிடைத்துவிட்டது. ஊட்டச்சத்தியலாளருக்கு நிவாரணத் திட்டமிடலின் தொடக்கச் சராசரியான ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கிலோகலோரி கணக்கில் வந்தால் கிடைத்துவிட்டது. ஒவ்வொருவரும் தத்தம் கோட்டைத் தொட்டுவிட்டு ‘என் வேலை முடிந்தது’ என்று நேர்மையாகவே சொல்கிறார்கள். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே கிடக்கும் நிலம் யாருடைய வரைபடத்திலும் இல்லை.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு பெருவெள்ளம் வடிந்த சில வாரங்களில், ஓர் ஆய்வுக் குழுவுக்கு மொழிபெயர்ப்பாளராகச் சென்றிருந்தேன். குழுவின் பெயர் இப்போது வேண்டாம். நல்லவர்கள்தாம், அவசரத்தில் இருந்தார்கள். வினாப்படிவத்தின் 11-ஆம் கேள்வி: ‘கடந்த ஏழு நாட்களில் உங்கள் குடும்பத்துக்கு நிவாரண உணவு கிடைத்ததா?’ முகாமின் ஓரத்தில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் ‘கிடைத்தது’ என்றார். நான் ‘ஆம்’ என்று சொன்னேன். கட்டத்தில் ஒரு குறி விழுந்தது. அத்துடன் எங்கள் எழுவர் குழு எழுந்துகொண்டது.

நாங்கள் கிளம்பும்போதுதான் அவர் பேசத் தொடங்கினார். குறையாகச் சொல்லவில்லை, போகிறவர்களிடம் ஏதாவது பேசி வழியனுப்பவேண்டும் என்கிற மரியாதையில் சொல்வதுபோல இருந்தது. மூட்டை வந்து ஐந்து நாளாகிவிட்டது, அதைப் பிரிக்கவில்லை, பிரித்தாலும் வேகவைக்கப் பாத்திரம் இல்லை, பக்கத்துக் குடும்பத்தின் பாத்திரத்தை இரவல் கேட்கலாமென்றால் எரிக்க எதுவும் காய்ந்ததாக இல்லை, தண்ணீரோ இன்னும் கலங்கலாகத்தான் வருகிறது, குழந்தைக்கு மருந்து வாங்கவேண்டியிருப்பதால் மூட்டையில் பாதியைக் கொடுத்துவிடப் பேசியிருக்கிறேன் என்றார். பிறகு, வழங்கும் இடம் அருகில்தான் என்றாலும் வரிசை இருட்டும்வரை நீள்வதாகவும், திரும்பி வரும் வழியில் விளக்கு இல்லாததால் அடுத்த முறை போகப்போவதில்லை என்றும் சொன்னார்.

இவற்றில் ஒரு வரியைக்கூட நான் மொழிபெயர்க்கவில்லை. படிவத்தில் இடம் இல்லை, வண்டி காத்திருந்தது, அவர் பேசியதெல்லாம் ‘வெறும் கதை’ என்று எனக்கும் தோன்றியது. ஆம், நீங்கள் எழுதிய அதே சொல். அதனால்தான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. அதில் பாதி என்மேல் வந்தது.

அந்தப் பெண் நின்றபடியே சொல்லி முடித்த சில வாக்கியங்களில் நீர், எரிபொருள், மருந்தின் விலை, பண்டமாற்று, பாதையின் வெளிச்சம் எல்லாம் இருந்தன. உங்கள் மாதிரியில் அந்த வீட்டைப் பச்சை நிறத்தில் காட்டியிருப்பீர்கள்: மையத்துக்கு மிகக் குறைந்த தொலைவு, இடையில் உடைந்த பாலம் இல்லை, வழங்கல் பதிவாகியிருக்கிறது. துல்லியமாகக் கணக்கிட முடிகிறது என்று பெருமைப்படுகிறீர்களே தம்பி, எதைத் துல்லியமாக? இருட்டிய பிறகு ஒரு பெண் தனியாக நடக்க அஞ்சும் 300 மீட்டரும், பகலில் ஒரு ஆண் நடக்கும் மூன்று கிலோமீட்டரும் உங்கள் சமன்பாட்டில் எந்த வரிசையில் வருகின்றன? கதையை எந்தச் சமன்பாட்டில் சேர்ப்பது என்று கேட்கிறீர்கள். அந்தச் சமன்பாடு எதைக் கணக்கில் எடுக்கவேண்டும் என்பதைக் கதைதான் சொல்கிறது.

இது எழுத்தாளர்கள் வழக்கமாகப் பாடும் பாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் துறையிலேயே இது நடந்திருக்கிறது. ஹொசே ஹொல்கின்-வேராஸ் உங்களைப் போலவே போக்குவரத்துப் பொறியியலாளர். கத்ரீனா சூறாவளிக்கும் 2010-ஆம் ஆண்டு ஹைட்டி நிலநடுக்கத்துக்கும் பிந்தைய நிவாரண வழங்கலை ஆராய்ந்தவர். அவரும் உடன் ஆய்ந்தவர்களும் 2013-ல் எழுதிய கட்டுரை ஒன்றில், வணிகச் சரக்குப் போக்குவரத்துக்குரிய குறிக்கோள் சார்பை, அதாவது எதைக் குறைக்கவேண்டும் என்று கணக்குக்குச் சொல்லும் சூத்திரத்தை, அப்படியே நிவாரணத்துக்குக் கொண்டுவருவது பிழை என்று வாதிட்டார்கள். லாரிச் செலவை மட்டும் குறைத்துக்கொண்டே போனால், கணக்கு எப்போதும் அருகிலிருப்பவருக்கு முதலில் கொடுத்துவிட்டுத் தொலைவிலிருப்பவரைக் காத்திருக்க வைக்கும். காத்திருப்பவரின் துன்பத்துக்கும் ஒரு விலை உண்டு, அதையும் செலவோடு கூட்டவேண்டும் என்பது அவர்கள் வாதம். ‘இல்லாமையின் விலை’ என்று அதை நாம் அழைக்கலாம். நேரம் செல்லச் செல்ல அந்த விலை சீராக ஏறுவதில்லை, வளைந்து செங்குத்தாக ஏறுகிறது. ஒரு நாள் பசியை நான்கால் பெருக்கினால் நான்காம் நாள் பசி வராது என்பது பசித்திருந்த எவருக்கும் தெரியும். ஆனால் அது ஒரு பொறியியல் மாதிரிக்குள் நுழைவதற்குப் பொருளியலின் கருத்தொன்றும், பாதிக்கப்பட்டவர்களின் நிலையைக் காது கொடுத்துக் கேட்ட ஒரு பொறியியலாளரும் தேவைப்பட்டார்கள்.

பேரிடர்ப் பகுதியை நோக்கி, கேட்காத பொருள்களும் அழைக்காத ஆட்களும் குவிந்து வழியை அடைத்துவிடுவதைப் பற்றி சார்லஸ் ஃபிரிட்ஸும் மேத்யூசனும் 1957-லேயே எழுதிவிட்டார்கள். ஹொல்கின்-வேராஸ் போன்ற சரக்குப் போக்குவரத்து ஆய்வாளர்கள் அதை எடுத்து ஆண்டது பல பத்தாண்டுகளுக்குப் பிறகு. அதுவரை அந்த அறிவு பேரிடர்ச் சமூகவியல் அலமாரியிலேயே இருந்தது. ‘எங்கள் கூட்டங்களில் எதுவும் நகரவில்லை’ என்று நீங்கள் ஓராண்டில் சலித்துக்கொள்வதை இதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊட்டச்சத்தியலாளரையும் உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம். ‘பசி ஒரு எண்’ என்ற எண்ணத்தை அவருடைய துறையே முறித்திருக்கிறது. 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற உடலியலாளர் 36 தன்னார்வலர்களை அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தபோது, உடல் எடையோடு அவர்களுடைய ஆர்வம், பொறுமை, பிறரோடு பழகும் விருப்பம் எல்லாம் கரைந்தன; சிலர் சமையல் நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் படித்தார்கள். அங்கே உடலியலாளரோடு உளவியலாளரும் இருந்ததால்தான் இது பதிவாயிற்று. வரிசையில் நிற்கும் பொறுமை பசித்தவரிடம் இருக்குமென்று நம்பி வழங்கல் மையம் அமைப்பவர்கள் இதைப் படித்திருக்கவேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு இன்னும் சிறியது. கடும் ஊட்டச்சத்துக் குறைவுற்ற குழந்தைகளுக்கு ஒரு காலத்தில் சத்தேற்றிய பால்மாவுதான் சிகிச்சை உணவு. அதைக் கரைக்கத் தூய நீர் வேண்டும், கரைத்த பிறகு விரைவில் கெட்டுப்போகும், ஆகவே குழந்தையும் தாயும் வாரக்கணக்கில் சிகிச்சை மையத்திலேயே தங்கவேண்டும், வீட்டிலுள்ள மற்றக் குழந்தைகளை யார் பார்ப்பது என்று தெரியாமல் தாய்மார்கள் பாதியில் கிளம்பிவிடுவார்கள். 1990-களில் ஆந்த்ரே பிரியான் என்ற பிரெஞ்சு மருத்துவரும் மிஷேல் லெஸ்கான் என்ற உணவுப் பொறியாளரும் சேர்ந்து, அதே சத்தை நிலக்கடலை விழுதில் அடைத்து, நீரே சேர்க்காமல் உறையைக் கிழித்து உண்ணும்படி செய்தார்கள். விழுதில் நீர்ப்பதம் மிகக் குறைவு என்பதால் கிருமி எளிதில் பெருகுவதில்லை. பின்னர் 2007-ல் உலக சுகாதார அமைப்பு, யுனிசெஃப், உலக உணவுத் திட்டம் ஆகியவை, சிக்கலில்லாத நிலையிலுள்ள குழந்தைகளுக்கு வீட்டிலேயே சிகிச்சை அளிக்கலாம் என்று கூட்டாக அறிவித்தன. மருத்துவருக்குத் தெரிந்த சத்து அப்படியே இருந்தது. பொறியாளர் எடுத்துப்போட்டது ஒரு குவளை நீரை. அந்தக் குவளை நீரால்தான் தாய் மையத்தில் கட்டுண்டு கிடந்தாள் என்பதைத் தாயிடம் பேசிய யாரோ ஒருவர் முதலில் சொல்லியிருக்கவேண்டும். அவர் பெயர் எந்தக் கட்டுரையிலும் இருக்காது. உங்கள் மானுடவியலாளரின் பெயரும் அப்படிப் போய்விடக்கூடாது என்றுதான் இவ்வளவு சத்தம் போடுகிறேன்.

பொருளியலாளருக்கு ஒரு வரி. 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி போர்ட்டோ ரிக்கோத் தீவின் மின்சாரத்தை முழுவதுமாக வீழ்த்தியபோது, பொருள் இருந்த கடைகளிலும், கணக்கில் பணம் இருந்தவர்கள் அட்டை இயந்திரம் இயங்காததால் வெறுங்கையோடு நின்றார்கள். இருப்பும் வாங்கும் வலுவும் ஒரே கூரையின் கீழ் இருந்தும் சந்திக்கவில்லை. இதை உங்கள் குழுவில் யார் ஆராய்வீர்கள்? மின்பொறியாளர் ஒருவரை ஐவரில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லையே.

தலைமை பற்றிக் கேட்டிருந்தீர்கள். யார் வேண்டுமானாலும் இருங்கள்; கூட்டத்தின் வரிசையை மட்டும் மாற்றுங்கள். இப்போது சாலையில் தொடங்கி வாயில் முடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், மானுடவியலாளருக்குக் கடைசிப் பத்து நிமிடம்தான் மிஞ்சுகிறது. அடுத்த முறை அவர் குறிப்பேட்டிலிருந்து ஒரே ஒரு குடும்பத்தின் ஒரே ஒரு வேளை உணவை எடுத்துக்கொண்டு, அது உண்ணப்பட்ட, அல்லது உண்ணப்படாத, நொடியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். எந்த இடத்தில் ‘இது என் துறை இல்லை’ என்று ஐவரும் ஒரே நேரத்தில் மௌனமாகிறீர்களோ, அந்த இடத்தைப் பற்றி உங்கள் முதல் பொதுப் பத்தியை எழுதுங்கள்.

அதற்கு முன் ஒரு சிறு வேலை. உங்கள் வினாப்படிவத்தில் ‘கிடைத்ததா?’ என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.