பாடும் பரிசுத்தமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, பாளையங்கோட்டையில் வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ் நடக்கிறது. வீட்டுக்கு ஜெபிக்க வருகிற சபையார், "கர்த்தர் உங்களைப் புடமிடுகிறார், பாடு (துன்பம்) இல்லாமல் பரிசுத்தம் இல்லை" என்கிறார்கள். அம்மா தலையாட்டுவாள். அவர்கள் போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். கிறிஸ்தவ வாழ்க்கைக்குத் துன்பம் அவசியம்தானா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

அவர்கள் சொல்வதற்கு வேத ஆதாரம் இல்லாமல் இல்லை. உபத்திரவம் பொறுமையை உண்டாக்கும் என்று பவுல் ரோமருக்கு எழுதினார். ஆனால் அவர் அடியும் சிறையும் கண்டவர். அடுத்தவர் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொன்னதல்ல அது. அதே பவுல், மாம்சத்திலிருந்த முள் என்று தான் சொன்ன வேதனை நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே, வரவிருந்த பாடாகிய பாத்திரம் நீங்கக் கேட்டார். வலி வேண்டாம் என்பது அவிசுவாசமென்றால் இவர்களை எங்கே வைப்பது?

அப்புறம், எல்லாத் துன்பத்தையும் ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற தேவசகாயம், 1752இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். விசுவாசத்தை மறுதலித்திருந்தால் பிழைத்திருப்பார், அவர் அந்தப் பாட்டைத் தெரிந்தே ஏற்றார். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களின் உபவாசமும் நாமாக எடுப்பதுதான். சிறுநீரகம் பழுதாவது அப்படியா? அதற்குச் சிலுவை என்று பேர் வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

அயர்லாந்திலிருந்து மிஷனரியாக வந்த நம்ம டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பாருங்கள். 1931இல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். அந்தப் படுக்கையிலிருந்து நோயாளிகளுக்காக ஒரு நூல் எழுதினார். ஏன் தெரியுமா? நோயாளிகளுக்கென்று நல்ல உடம்புக்காரர்கள் எழுதியவை அவர் மனசைத் தொடவில்லை. நோயாளி நோயாளிக்கு எழுதினால்தான் சரி என்று நினைத்தார். துன்பத்தின் அருமையைப் பேச அவருக்கு உரிமை இருந்தது. ஆனால் அடுத்தவர் துன்பம் என்று வந்தபோது பேசிக்கொண்டிருக்கவில்லை. ஆஸ்பத்திரி கட்டினார், ஆபத்திலிருந்த பெண்பிள்ளைகளை மீட்டு வளர்த்தார். தேவசித்தம் என்று விட்டிருந்தால் டோனாவூர் ஏது?

வேதத்தில், எல்லாம் இழந்து நோயில் கிடந்த யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் தரையில் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரி. வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. கடைசியில் தேவன் கோபித்துக்கொண்டது அவர்கள்மேல். கத்தித் தீர்த்த யோபுதான் நிதானமாகப் பேசினதாகத் தேவன் சொல்கிறார்.

அம்மா என்றாவது ஒருநாள் 'இது என்னைப் புடமிட்டது' என்று சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். அதை அம்மாதான் சொல்ல வேண்டும். அதுவரை தலையாட்டச் சொல்லாதீர்கள். அழுதால் அழட்டும், வேதத்தில் சங்கீதங்களைப் பாடினவனே அழுதிருக்கிறான்.

அடுத்த தடவை சபையார் வந்தால் ஒரு நோட்டை நீட்டுங்கள். எந்த வாரம் யார் ஆஸ்பத்திரிக்குக் கூட வருவார்கள் என்று அவர்களே பெயர் எழுதட்டும். ஒரு தடவைக்கு நாலு மணி நேரமாவது ஆகுமே, ஜெபத்தை அங்கே உட்கார்ந்து செய்துகொள்ளலாம்.