குளிர்கடல் சுவரில் எத்தனை மீட்டர்? – கடிதம்

வணக்கம். அந்தமானில் 3 மி.மீ. வெட்சூட்டோடு (நீர் புகும் ரப்பர் உடை) ஸ்கூபா டைவ் செய்து பழகியவன். செப்டம்பரில் கனடாவின் போர்ட் ஹார்டிக்குப் போகிறேன். அங்குள்ள பிரவுனிங் என்ற கடலடிப் பாறைச் சுவரில் 40 மீட்டர் வரை இறங்க ஆசை. 7 மி.மீ. வெட்சூட் போதுமா? வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

அந்த 40 மீட்டரை முதலில் விட்டுவிடுங்கள். சிவப்பு மென்பவளம், மஞ்சள் கடற்பஞ்சு, வெள்ளை அனிமோன் என்று அந்தச் சுவரில் பார்க்க வேண்டியது பெரும்பாலும் 25 மீட்டர் ஆழத்துக்குள்ளேயே இருக்கிறது. நீரோட்டம் கொண்டுவரும் மிதவையுயிர்கள்தான் இவற்றுக்குச் சாப்பாடு. அவையே மேல்நீரைப் பச்சையாக்கி வெளிச்சத்தையும் மறிப்பதால், கீழே போகப்போக இருட்டுதான் மிஞ்சும். இடுக்குகளில் ஆக்டோபஸும் ஓநாய் விலாங்கும் தேட நல்ல டார்ச் வேண்டும்.

தண்ணீர் 10 டிகிரியை ஒட்டி இருக்கும். 20 மீட்டரில் அழுத்தம் 3 பார், அதாவது மேலே இருப்பதைப்போல மூன்று மடங்கு. வெட்சூட்டின் நியோப்ரீன் ரப்பர் நசுங்கி மெலிந்துவிடும், குளிர் தாங்காது. உடல் நனையாமல் உள்ளே காற்று நிற்கும் டிரைசூட்தான் சரி. ஆனால் அதை முதன்முதலாக அடி தெரியாத சுவரில் போட்டுப் பார்க்காதீர்கள். தலைகீழானால் காற்று கால்களுக்கு ஏறி உங்களை மேலே இழுத்துவிடும். ஆழம் குறைந்த இடத்தில் பழகிவிட்டு வாருங்கள்.

ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் கருவி) சங்கதி இன்னும் முக்கியம். 200 பார் காற்று, சிலிண்டரில் பொருத்தும் முதல் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் சட்டென்று விரியும்போது கடுமையாகக் குளிரும். உள்ளே ஐஸ் பிடித்தால் வால்வு மூடாமல் ஃப்ரீஃப்ளோ ஆகும், அதாவது காற்று நிற்காமல் கொட்டும். தண்ணீர் உள்ளே புகாதபடி சீல் செய்த டயாஃப்ரம் (சவ்வு) வகையை எடுங்கள். மூச்சிழுக்கும் அதே நொடியில் சூட்டுக்குக் காற்று விடாதீர்கள். சூட்டுக்குக் காற்று விடும் பொத்தானைச் சிறிது சிறிதாக, விட்டு விட்டு அழுத்துங்கள்.

காற்றுக் கணக்கு: 30 மீட்டரில் 4 பார். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவருக்கு அங்கே 80 ஆகும். ஒருவருடைய காற்று போய், இருவரும் பதற்றத்தில் நிமிடத்துக்குத் தலா 30 லிட்டர் (மேற்பரப்புக் கணக்கில்) வீதம் ஒரே சிலிண்டரில் ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே சமாளிக்க ஒரு நிமிடம், நிமிடத்துக்கு 9 மீட்டராக ஏற்றம், 5 மீட்டரில் 3 நிமிட நிறுத்தம்: சுமார் 1010 லிட்டர். 12 லிட்டர் சிலிண்டரில் அது கிட்டத்தட்ட 85 பார். கேஜ் அதைக் காட்டும்போது நீங்கள் ஏறத் தொடங்கியிருக்க வேண்டும். '50 பாரில் படகு' என்ற வெப்பக்கடல் வழக்கம் இங்கே செல்லாது.

கடைசியாக நீரோட்டம். ஓதம் மாறும் அமைதி நேரத்தைப் பார்த்துத்தான் இறக்குவார்கள். மேலே கெல்ப்பின் (பெரிய கடற்பாசி) மிதவைக் குமிழ்கள் நீருக்குள் இழுபட்டுக் கிடந்தால் காத்திருங்கள். நடுவில் கீழ்நோக்கி இழுத்தால் சுவரைவிட்டு விலகி நீந்தி, காற்றடைத்து மிதப்பைக் கூட்டுங்கள். இழுப்பு விட்டதும் அந்தக் காற்றை உடனே வெளியேற்றாவிட்டால் மேலே பாய்ந்துவிடுவீர்கள்.