மலிவு விலைச் சீன மை பேனா வாங்கினேன். கீறுகிறது, சில நாள் மையே இறங்குவதில்லை. வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா? நிப்பை மாற்றலாமா?

இரண்டும் முடியும். ஆனால் நிப்பைத் தேய்க்கும் தாளை எடுப்பதற்கு முன்னால் சோப்புத் தண்ணீரை எடுங்கள். புதுப் பேனா மக்கர் செய்தால் உடனே நிப்பின் நுனியைத்தான் எல்லாரும் சந்தேகப்படுகிறார்கள். பெரும்பாலானவை தேய்க்காமலே சரியாகிவிடும்.

இந்த விலைப் பேனாக்களில் உடல், மரை, மூடி எல்லாம் கொடுத்த காசுக்கு மேலேயே இருக்கும். மிச்சம் பிடிப்பது கடைசிக் கட்டத்தில்தான். ஒவ்வொரு நிப்பையும் லென்ஸில் பார்த்து, எழுதிப் பார்த்து, நேராக்கி அனுப்பும் வேலை அங்கே நடப்பதில்லை. அந்தப் பத்து நிமிடத்தை வாங்குகிறவர் போட வேண்டும். இன்னொன்று: நிப்பில் '18 கே.ஜி.பி.' என்று பொறித்திருந்தால் 18 காரட் தங்க முலாம் என்று பொருள். உள்ளே இருப்பது எஃகுதான். எஃகு என்பதால் குறைவில்லை, எழுத்தின் தரம் நுனியில் ஒட்டியிருக்கும் கடின உலோக மணியைப் பொறுத்தது.

கையில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொண்டு ஆரம்பியுங்கள். ஜின்ஹாவ் எக்ஸ்450, எக்ஸ்750, 159 மூன்றும் பித்தளை உடல், 6-ஆம் எண் நிப் (எண் நிப்பின் அளவைக் குறிக்கும்). கழற்றிப் பழக இவற்றைவிட நல்ல பேனா கிடையாது. ஜின்ஹாவ் 82-இல் சிறிய 5-ஆம் எண் நிப், எக்ஸ்159-இல் பெரிய 8-ஆம் எண் நிப். விங் சங் 3008-இல் ஜெர்மனியின் லாமி வகை நிப் சறுக்கி ஏறும், விங் சங் 698 ஜப்பானின் பைலட் வகை நிப்பை ஏற்கும். ஹீரோ 616, விங் சங் 601 போன்றவற்றில் நிப் முக்காடு போட்டதுபோல் உள்ளே மறைந்திருக்கும். அவற்றின் முக்காட்டைக் கழற்றினால் நிப், நாக்கு, முக்காடு மூன்றையும் திரும்ப ஒரே கோட்டில் நிறுத்துவது எரிச்சலான வேலை. முதல் பேனாவிலேயே அதில் இறங்காதீர்கள்.

முதலில் கழுவுவது. நிப்புக்கு அடியில் இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் கட்டையை நாக்கு என்று சொல்கிறேன். அதில் அச்சு வார்த்தபோது ஒட்டிய எண்ணெய்ப் பசை இருக்கலாம். பசை இருக்கும் இடத்தில் மை ஒட்டாமல் திரண்டு நிற்கும், நாக்கின் நுண்ணிய வழியில் ஓடாது. 200 மி.லி. வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, கன்வெர்ட்டரால் (மையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் உள்குழாய்) பத்துப் பதினைந்து முறை உறிஞ்சி வெளியேற்றுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் அதே எண்ணிக்கை. சோப்பு மிச்சமிருந்தால் மை தாளில் பரவிக் கோடு தடிக்கும். ஸ்பிரிட், தின்னர், நகப்பூச்சு நீக்கி எதுவும் வேண்டாம், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உடல் வெடித்துவிடும்.

அப்படியும் மை இறங்காவிட்டால் கழற்றிக் கழுவுங்கள். எக்ஸ்450 வகையில் நிப்பும் நாக்கும் உராய்வுப் பிடியில் மட்டும் நிற்கின்றன. ரப்பர் கையுறைத் துண்டால் இரண்டையும் சேர்த்து, கழுத்துக்கு (எழுதும்போது விரல் பிடிக்கும் பகுதி) ஒட்டிய அடிப்பகுதியில் பிடித்து, நேராக இழுக்க வேண்டும். நுனிப் பக்கம் பிடித்தால் நிப் வளையும். வராவிட்டால் கழுத்தை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து மறுபடி முயலுங்கள். மென்மையான பல் துலக்கியால் நாக்கின் வாய்க்காலையும் செதில்களையும் துலக்குங்கள். திரும்பச் செருகும்போது நிப்பின் பிளவு நாக்கின் வாய்க்காலுக்கு நேர் மேலே வர வேண்டும். அரை மில்லிமீட்டர் ஒதுங்கினாலும் ஒரு பக்கம் காய்ந்து எழுதும்.

அடுத்து பார்வை. 10 மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் நிப்பில் கை வைப்பது இருட்டில் ஊசி கோர்ப்பது மாதிரி. பிளவின் இருபக்கமும் உள்ள இரண்டு அலகுகளையும் எதிர்முகமாகப் பாருங்கள், ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருக்கிறதா? பிறகு வெளிச்சத்தில் பிடித்து மேலிருந்து பாருங்கள். பிளவு நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே போய், நுனிமணியில் தொட்டும் தொடாமலும் முடிய வேண்டும். பாதி வழியிலேயே வெளிச்சம் செத்துவிட்டால் பிளவு இறுக்கம், மை வராது. நுனியில் வாய் பிளந்து நின்றால் மை தாளுக்கு வந்து சேராமல் பின்னாலேயே நின்றுவிடும்.

கீறலைப் பிரித்தறிவது சுலபம். ஒரு திசையில் இழுக்கும்போது மட்டும் கீறினால் அலகுகள் சமமாக இல்லை. எல்லாத் திசையிலும் கீறினால் மணி சொரசொரப்பாக இருக்கிறது. முதல் வகையே அதிகம். அதற்குத் தாழ்ந்த அலகின் அடியில் நகத்தைக் கொடுத்து மெல்லத் தூக்கி, ஐந்து வினாடி பிடித்து விடுங்கள். லென்ஸில் பாருங்கள், தேவைப்பட்டால் மறுபடி. எஃகு கொஞ்சம் திமிறும், விட்டதும் பழைய இடத்துக்கே போகும். அதற்காக ஒரேயடியாக அழுத்தினால் மறுபக்கம் போய்விடும். இந்த நிலையில் தேய்க்கும் தாளில் போட்டால் தாளை நோக்கித் துருத்தி நிற்கும் விளிம்பு மட்டும் தேயும். பின்னொரு நாள் அலகை நேராக்கியதும் மணி ஒருக்களித்துப் போயிருப்பது தெரியும், அதற்கு மருந்தில்லை.

இறுகிய பிளவுக்கு 0.05 மி.மீ. பித்தளைத் தகடு. பிளவு தொடங்கும் இடத்தில் நிப்பில் உள்ள மூச்சுத் துளையில் செருகி நுனிப் பக்கம் மெதுவாக இழுத்து எடுங்கள், நாலைந்து முறை போதும். பலரும் சவர பிளேடைத்தான் எடுப்பார்கள். பிளேடு 0.1 மி.மீ. கனம், ஓரமும் கூர்மை. பிளவைத் தேவைக்கு மேல் விரிப்பதோடு உட்சுவரையும் செதுக்கிவிடும். மாறாக நுனி வாய் பிளந்திருந்தால், ஓர் அலகை மற்றதன் அடியில் ஏற்றி ஐந்து வினாடி, பிறகு மாற்றி ஐந்து வினாடி. பிளவு நெருங்கிவிடும். முடிந்ததும் சமமாக நிற்கின்றனவா என்று பாருங்கள்.

அலகும் சரி, பிளவும் சரி, வெண்ணெய் மாதிரி வழுக்குகிறது, ஆனால் எழுத்தின் முதல் கோடு மட்டும் விழுவதில்லை, லேசாக அழுத்தினால் விழுகிறது. இதை ஆங்கிலத்தில் பேபி பாட்டம் என்பார்கள். மணியை மெருகேற்றியபோது பிளவின் உள்விளிம்புகளும் உருண்டுவிட்டன. மை அந்தக் குழிக்குள் நிற்கிறது, தாளைத் தொடுவதில்லை. மேலும் வழவழப்பாக்கினால் மோசமாகும். அடிப்பரப்பை ஒரு மயிரிழை தட்டையாக்கினால்தான் விளிம்புகள் தாளைத் தொடும். 3 மைக்ரான் மெருகுத் தாளில் '8' வடிவத்தை நான்கைந்து முறை போட்டு, பிறகு எழுதிப் பாருங்கள். மை பிடித்ததும் நிறுத்தி, 1 மைக்ரான் தாளுக்கு மாறுங்கள்.

தேய்க்கும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். பேனாவில் மை இருக்க வேண்டும், நீங்கள் எழுதும் அதே சாய்வில் பிடிக்க வேண்டும், பேனாவின் கனம் மட்டுமே தாளில் இறங்க வேண்டும். '8' வடிவம் பத்து முறை வலச் சுற்று, பத்து முறை இடச் சுற்று, துடைத்து எழுதிப் பார்த்தல். சாதாரணச் சொரசொரப்புக்கு 12000 எண் மைக்ரோமெஷ் (மிக நுண்ணிய மெருகுத் துணி) அல்லது 1 மைக்ரான் தாள் போதும். கடையில் கிடைக்கும் முரட்டு உப்புத்தாள் மணியைச் சில இழுப்பில் தின்றுவிடும். 'இன்னும் கொஞ்சம்' என்று தோன்றும் இடத்தில்தான் பெரும்பாலான நிப்புகள் செத்துப்போகின்றன.

சில நாள் மையே இறங்காததற்கு மூடியையும் சோதியுங்கள். மூடியின் வாயை உதட்டில் வைத்து ஊதுங்கள். காற்று வெளியே போனால் மையும் காயும். கிளிப் செருகிய இடம் அல்லது தலைப்பொட்டு வழியாகத்தான் பெரும்பாலும் போகும். உள்ளே இரண்டு சொட்டு மெழுகு விட்டு, மூடியைச் சுழற்றி உறையவிடுங்கள். அதிகம் விட்டால் நிப் மெழுகில் இடிக்கும். மூடியில் வேண்டுமென்றே துளை வைப்பதும் உண்டு, குழந்தை விழுங்கினால் மூச்சு அடைக்காமல் இருக்க. சின்னப் பிள்ளைகள் எடுக்கும் பேனாவில் அந்தத் துளையை அடைக்காதீர்கள்.

கன்வெர்ட்டர் மாற்றுவதாக இருந்தால் வாய் அளவைப் பாருங்கள். சீனப் பேனாக்களில் 2.6 மி.மீ., 3.4 மி.மீ. என்று இரண்டு உண்டு. மாற்றிப் போட்டால் ஒன்று ஏறாது, மற்றது கசியும்.

இனி நிப் மாற்றுவது. 6-ஆம் எண் என்றால் நாக்கின் விட்டம் 6 மி.மீ. சொச்சம். ஜெர்மனியின் ஜோவோ 6-ஆம் எண் நிப் எக்ஸ்450 வகை நாக்கில் பொதுவாக உட்காரும். உட்கார்ந்தால் மட்டும் போதாது, நிப்பின் அடிப்பக்கம் நாக்கோடு ஒட்ட வேண்டும். பக்கவாட்டில் பிடித்துப் பார்த்து இடையில் வெளிச்சம் தெரிந்தால் மை அறுந்து அறுந்து வரும். இரண்டையும் பேனாவில் செருகிய நிலையில் சூடான, கொதிக்காத நீரில் அரை நிமிடம் நிப்பை மட்டும் முக்கி, நாக்கைத் துணியால் நிப்போடு சேர்த்து அழுத்திப் பிடித்து, குளிர்நீரில் விடுங்கள். எபோனைட் (கடின ரப்பர்) நாக்கு நன்றாக வளையும், பிளாஸ்டிக் கொஞ்சம்தான் வளையும்.

கோடு தடித்து மெலிய வேண்டும் என்பவர்கள் செய்வது ஜீப்ரா ஜி நிப் பொருத்துவது. ஜப்பானில் மங்கா என்னும் படக்கதை வரைய, மையில் தொட்டு எழுதும் நிப் இது. எக்ஸ்450, எக்ஸ்750 இரண்டிலும் நாக்கின் மேல் வைத்து அப்படியே செருகலாம். முதலில் நிப்பின் மேலுள்ள காப்பு எண்ணெயைச் சோப்புப் போட்டுத் தேய்த்து நீக்குங்கள். அழுத்தி எழுதும்போது நடுவில் மையில்லாமல் தண்டவாளம் மாதிரி இரட்டைக் கோடு விழுந்தால் நாக்கு கேட்ட வேகத்தில் மை தரவில்லை. வாய்க்காலைப் பிளேடு நுனியால் ஆழப்படுத்தலாம். ஒரு கீறல், ஒரு சோதனை, அப்புறம் அடுத்த கீறல். அகலப்படுத்தக் கூடாது, குறுகிய பிளவுதான் மையை இழுத்துப் பிடிக்கிறது. அகன்றால் பேனா மை கக்கும், பிறகு நாக்கையே மாற்ற வேண்டும். இந்த நிப்பில் நுனிமணி கிடையாது, மேல்நோக்கிய கோட்டில் தாளைக் குத்தும். மையிலேயே கிடப்பதால் சில வாரத்தில் துருவும் பிடிக்கும். தினசரி எழுத்துக்கு இதை நான் சொல்ல மாட்டேன், படம் போடவும் அலங்கார எழுத்துக்கும் சரி.

கன்வெர்ட்டரைத் தூக்கிவிட்டு ஃபில்லரால் உடலுக்குள்ளேயே மை ஊற்றிக்கொள்வதும் நடக்கும். பித்தளை உடலில் வேண்டாம், மை அரிக்கும். பிளாஸ்டிக் உடலில், அடியில் துளை இல்லை என்று உறுதி செய்த பிறகு, கழுத்து மரையில் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையமும் மெல்லிய சிலிக்கோன் கிரீஸும் போடுங்கள். வாசலின் போட்டால் நாளடைவில் ரப்பர் ஊதிப்போகும். மரையை முறுக்கி இறுக்காதீர்கள், உடலில் விரிசல் விழுவது அங்கிருந்துதான். மைக்குப் பதில் தண்ணீர் நிரப்பி, டிஷ்யூ தாளில் சுற்றி ஒரு நாள் வைத்துப் பாருங்கள். மூன்மேன் எம்2 போன்றவை இதற்கென்றே ஓ-ரிங்கோடு வருகின்றன, வெட்டி வேலை மிச்சம். கையின் சூட்டில் உள்ளே உள்ள காற்று விரிந்து மையைத் தள்ளும் என்பதால், மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனதும் நிரப்பிவிடுங்கள். காற்று எவ்வளவு அதிகமோ அவ்வளவு கக்கும்.

மை விஷயத்தில் ஒன்றுதான் கண்டிப்பு: அரக்கு கலந்த இந்தியன் இங்க் உள்ளே போகக் கூடாது, உறைந்தால் நாக்கைக் குப்பையில்தான் போட வேண்டும். இரும்பு கலந்த மை எஃகு நிப்பை மெதுவாக அரிக்கும், அதை ஊற்றினால் வாரக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். நிறமித் துகள் மை தினமும் எழுதுகிறவர்களுக்கு மட்டும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உடல் பேனாவில் சிவப்பு, ஊதா மைகள் கறை விடும், கழுவினாலும் முழுதாகப் போகாது.