முதுகலை ஆசிரியர் பட்டியலில் பெயர் வரப்போகிறது: ஏற்பதா, துறப்பதா?

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். 2012 டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்று அந்த ஆண்டு டிசம்பரில் பணியில் சேர்ந்தேன். வயது 41. பி.எஸ்சி., எம்.எஸ்சி. இரண்டும் இயற்பியல். ஒரே பதவியில் பத்தாண்டு முடித்தால் கிடைக்கும் உயர் ஊதிய நிலையான தேர்வு நிலையை வாங்கிவிட்டேன். அடுத்த பட்டியலில், 11, 12 வகுப்புகளுக்குக் கற்பிக்கும் முதுகலை ஆசிரியர் பதவி உயர்வுக்கு என் பெயர் வரலாம் என்கிறார்கள். வீட்டிலோ, "வெளியூர் போட்டால் என்ன செய்வது? துறந்துவிடு, கொஞ்ச வருஷம் பொறுத்திருந்தால் தலைமை ஆசிரியரே ஆகலாம்" என்கிறார்கள். எனக்குக் கொஞ்ச காலமாகக் காலையில் பள்ளிக்குக் கிளம்பவே மனம் வருவதில்லை. பதவி உயர்வு வந்தால் இந்தச் சலிப்பு தீருமா?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. பதவி உயர்வை ஏற்பதா என்பது ஒன்று. சலிப்பு எங்கிருந்து வருகிறது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விதிகளும் கணக்கும் பதில் சொல்லும். இரண்டாவதற்குப் பதில் கிடைக்காமல் முதலாவதை முடிவு செய்தால், புதிய பள்ளியிலும் பழைய சலிப்புதான் உங்களை எதிர்கொள்ளும். உயர்நிலைப் பள்ளியிலும் மேல்நிலைப் பள்ளியிலும் பணியாற்றி, தலைமை ஆசிரியராக ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

முதலில் பணத்தைப் பார்த்துவிடுவோம். பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400 ரூபாய். முதுகலை ஆசிரியருக்கு 36,900. இரண்டு பதவிக்கும் நடுவே 500 ரூபாய்தான் இடைவெளி. பணியில் இருந்துகொண்டே பதவி உயர்வு பெறும் உங்களுக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு ஊதிய உயர்வின் அளவு, அதாவது 3 விழுக்காட்டையொட்டிக் கூடும். ஆனால் அதோடு இன்னொன்றும் நடக்கிறது. தேர்வு நிலைக்கு ஒரே பதவியில் 10 ஆண்டு, சிறப்பு நிலைக்கு 20 ஆண்டு என்பது விதி. பட்டதாரி ஆசிரியராகவே தொடர்ந்தால் 2032 டிசம்பரில் உங்களுக்குச் சிறப்பு நிலை. 2026இல் முதுகலைப் பதவிக்குப் போனால் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும். 2036இல் அந்தப் பதவிக்கான தேர்வு நிலை வரும். அதன் சிறப்பு நிலை வருமுன் 60 வயது நிறைந்து ஓய்வு பெற்றிருப்பீர்கள்.

ஆகவே பணத்துக்காக மட்டும் இந்தப் பதவி உயர்வை ஏற்க வேண்டியதில்லை. பணத்துக்காக மட்டும் மறுக்கவும் வேண்டாம். இரண்டு பாதையிலும் ஓய்வு பெறும் நாள்வரை அடிப்படை ஊதியம் எப்படி ஏறும் என்று, சம்பளப் பட்டியல் தயாரிக்கும் உதவியாளரோடு உட்கார்ந்து ஒரு தாளில் ஆண்டுவாரியாக எழுதிப் பாருங்கள். ஒரு மாலை நேர வேலைதான். பலர் இதைச் செய்யாமல், யாரோ சொன்னார் என்று துறப்புக் கடிதம் கொடுத்துவிடுகிறார்கள்.

இன்னும் ஒரு பட்டம் வாங்கினால் ஊதியம் கூடும் என்ற நம்பிக்கை பழைய ஆசிரியர்களிடம் இன்னமும் இருக்கிறது. உயர்கல்விக்கான ஊக்க ஊதிய உயர்வை அரசு 2020 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டது. எம்.எட். படிக்க ஆசையிருந்தால் படியுங்கள். சம்பளத்தை எதிர்பார்த்துப் படிக்க வேண்டாம்.

இனி தலைமை ஆசிரியர் பதவி. பட்டதாரி ஆசிரியர் உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் ஆகலாம் என்பது உண்மை. ஆனால் முதுகலைப் பட்டியல் பாடவாரியாகத் தயாராகிறது. இயற்பியல்காரர்களோடு மட்டும்தான் அங்கே உங்கள் வரிசை. தலைமை ஆசிரியர் பட்டியலில் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று உங்களுக்கு முன் சேர்ந்த எல்லாரும் நிற்கிறார்கள். "கொஞ்ச வருஷம்" என்று வீட்டில் சொல்வது அவ்வளவு கொஞ்சமாக இராது. போதாததற்குத் துறைத் தேர்வுகள் வேறு. பள்ளித் துணை ஆய்வர் தேர்வு, அரசு அலுவலக நடைமுறைத் தேர்வு, கணக்குத் தேர்வு ஆகியவற்றை டி.என்.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை, மே மாதமும் டிசம்பரிலும் நடத்துகிறது. இன்னும் எழுதவில்லை என்றால், எந்தப் பாதையைத் தேர்ந்தாலும் அடுத்த அறிவிப்பிலேயே விண்ணப்பியுங்கள். தேர்ச்சி கையில் இருந்தால் எந்த வாசலும் அடைபடாது. முதுகலை ஆசிரியரானாலும் தலைமை ஆசிரியர் வாய்ப்பு போய்விடாது. அது மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் என்ற பக்கம் திரும்புகிறது, அவ்வளவுதான்.

அதைவிட முக்கியமாக நீங்கள் பார்க்க வேண்டியது, அந்தப் பதவியில் ஒரு நாள் எப்படிக் கழியும் என்பதை. உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்தான் ஊதியம் பெற்று வழங்கும் அலுவலர். களஞ்சியம் என்ற அரசுச் செயலியில் சம்பளப் பட்டியல், எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தில் பதிவுகள், விலையில்லாப் பொருள்களின் இருப்பு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், சத்துணவு, கட்டட மராமத்து, முதன்மைக் கல்வி அலுவலகத்திலிருந்து "இன்று மாலைக்குள்" என்று வரும் படிவங்கள். கிராமத்துப் பள்ளியாக இருந்து இளநிலை உதவியாளர் பணியிடமும் காலியாக இருந்தால் இத்தனையும் ஒருவர் தலையில்தான். இதில் நிறைவு காண்கிற தலைமை ஆசிரியர்களை எனக்குத் தெரியும். கழிப்பறை கட்டி முடித்த அன்று, இடைநின்ற பிள்ளை திரும்பி வந்த அன்று அவர்கள் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பாடம் நடத்துவதற்காகவே இந்த வேலைக்கு வந்தவர்கள் அந்த நாற்காலியில் வாடிப்போவதையும் பார்த்திருக்கிறேன். நீங்கள் எந்த வகை என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

முதுகலை ஆசிரியரின் நாள் வேறு மாதிரி. ஆறாம் வகுப்பில் அளவீட்டியலும், ஒன்பதில் உயிரியலும், பத்தில் வேதியியலும் என்று நாள் முழுவதும் பாடம் மாறிக்கொண்டிருக்காது. 11, 12 வகுப்புகளுக்கு இயற்பியல் மட்டும். ஆய்வகம் உங்கள் பொறுப்பு. படித்த எம்.எஸ்சி. வகுப்பறைக்குள் பயன்படும். அதற்கு ஈடாக 12ஆம் வகுப்புப் பொதுத்தேர்வின் தேர்ச்சி விழுக்காடு உங்கள் பெயரில் பேசப்படும். மாலை வகுப்பு, சிறப்பு வகுப்பு என்று நேரம் நீளும். சின்னப் பிள்ளைகளோடு இருப்பதுதான் உங்களுக்கு மகிழ்ச்சி என்றால், பதினேழு வயதுப் பிள்ளைகளின் மௌனம் முதலில் தவிக்க வைக்கும்.

இனி சலிப்புக்கு வருகிறேன். இதை உங்கள் குறையாக எண்ணிக்கொள்ள வேண்டாம். மைக்கேல் ஹூபர்மன் என்ற ஆய்வாளர் சுவிட்சர்லாந்தில் 160 இடைநிலைப் பள்ளி ஆசிரியர்களை விரிவாகப் பேட்டி கண்டு, ஆசிரியப் பணிக்கால வாழ்க்கையைப் பருவங்களாகப் பிரித்தார். முதல் மூன்று ஆண்டு தாக்குப்பிடிப்பது, அடுத்த மூன்றில் காலூன்றுவது. ஏழிலிருந்து பதினெட்டு ஆண்டுவரை இரண்டு திசை. ஒரு பகுதியினர் புதிது புதிதாக முயன்று பார்க்கிறார்கள், இன்னொரு பகுதியினர் "வாழ்நாள் முழுக்க இதுதானா?" என்று தம்மையே கேட்டுக்கொள்கிறார்கள். நீங்கள் பணியில் சேர்ந்து பதின்மூன்று ஆண்டு ஆகிறது. அந்தப் பருவத்தின் நட்டநடுவில் நிற்கிறீர்கள்.

அந்த ஆய்வில் என் மனத்தில் தங்கிய முடிவு வேறொன்று. பணியின் பிற்பகுதியில் நிறைவோடு இருந்தவர்கள், பெரிய பெரிய சீர்திருத்தத் திட்டங்களில் ஓடிக் களைத்தவர்கள் அல்லர். தம் வகுப்பறைக்குள் சிறு சிறு மாற்றங்களைத் தொடர்ந்து செய்துகொண்டிருந்தவர்களும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வகுப்பையோ பொறுப்பையோ மாற்றிக்கொண்டவர்களும்தான். நம் பள்ளிகளிலும் நான் கண்டது இதுவே. பத்தாண்டு ஒரே பாடவேளைப் பட்டியலில் சுழன்றவர்தான் முதலில் சோர்ந்தார்.

ஆகவே அடுத்த இரண்டு வாரம் ஒரு சிறு வேலை செய்யுங்கள். தினமும் மாலையில், அன்று எது சோர்வைத் தந்தது, எது மனத்துக்கு இதமாக இருந்தது என்று இரண்டிரண்டு வரி எழுதுங்கள். எழுதியதில் பதிவேடு, எமிஸ், கூட்டம், பயிற்சி, தேர்தல் பணி என்றே வந்துகொண்டிருந்தால் உங்களுக்குக் கற்பித்தல் சலிக்கவில்லை. கற்பிக்க விடாமல் செய்வதுதான் சலிக்கிறது. அப்படியானால் தலைமை ஆசிரியர் பதவி உங்கள் நோயைக் கூட்டும். "ஒளிவிலகலைப் பதின்மூன்றாம் முறை நடத்துகிறேன்" என்பதுதான் அழுத்துகிறது என்றால் முதுகலைப் பதவி உண்மையான மருந்து. தலைமை ஆசிரியரின் சொல், சக ஆசிரியரின் புறம்பேச்சு என்று மனிதர்களே காரணமாக வந்தால், பொது மாறுதல் கலந்தாய்வு போதும்; பதவி மாற வேண்டியதில்லை. வகுப்பும் பிடிக்கவில்லை, விடுமுறையும் இனிக்கவில்லை, தூக்கமும் கெட்டிருக்கிறது என்றால் எல்லா முடிவையும் தள்ளிவைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள். நாற்பதை ஒட்டிய பெண்களுக்கு தைராய்டு, ரத்தசோகை இரண்டையும் சோதித்துக்கொள்வது நல்லது. சலிப்பு என்று நாம் பெயர் வைப்பது சில நேரம் உடம்பின் களைப்பாகவே இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரில் நன்றாகப் பாடம் நடத்துகிறவர் வகுப்பறையை விட்டு வெளியேறாமலே மூத்த ஆசிரியர், முன்னணி ஆசிரியர், முதன்மை ஆசிரியர் என்று மேலே போகலாம். நிர்வாகத்துக்குத் தனிப் பாதை இருக்கிறது. நம்மிடம் மேலே ஏற வேண்டுமென்றால் பெரும்பாலும் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தாக வேண்டும். சிறந்த ஆசிரியர்களை மோசமான எழுத்தர்களாக மாற்றும் இந்த அமைப்பு மாறவேண்டும் என்று ஆசிரியர் சங்கங்கள் ஊதியக் கோரிக்கைக்கு இணையாகவே வலியுறுத்த வேண்டும். அதுவரை நமக்கு இருப்பவை பக்கவாட்டு வாசல்கள். மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் பாடநூல் பணி, பயிற்சிகளில் கருத்தாளர், அறிவியல், கணித ஆர்வத்தை வளர்க்கும் வானவில் மன்றம், குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு வழிகாட்டி ஆசிரியர், எட்டாம் வகுப்பு என்.எம்.எம்.எஸ். கல்வி உதவித்தொகைத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது. இவற்றில் பணம் இல்லை, பதவி இல்லை. ஆனால் உங்கள் பள்ளிப் பெண் ஒருத்தி என்.எம்.எம்.எஸ். தேறி ஆண்டுக்கு 12,000 ரூபாய் பெற்றுப் படிப்பைத் தொடர்வதைக் கண்ணால் பார்ப்பீர்கள்.

இடம்பற்றிய பயத்துக்கு வருவோம். முதுகலைப் பதவி உயர்வுக் கலந்தாய்வு மாநில அளவிலானது. ஆகவே வெளியூர் வாய்ப்பு உண்மைதான். ஆனால் காலியிடங்கள் வழக்கமாக அதிகம் இருப்பது வட மாவட்டங்களில். தென்மாவட்டத்துக்காரர்களுக்குத்தான் இந்தக் கலந்தாய்வு கண்ணீர் வரவழைக்கும். விழுப்புரத்துக்காரரான உங்களுக்குக் கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, கடலூர் என்று எட்டும் தூரத்தில் இடம் அமைய நல்ல வாய்ப்பிருக்கிறது. காலிப்பணியிடப் பட்டியல் வெளியான அன்றே உட்கார்ந்து, பேருந்து வசதியோடு சேர்த்துப் பத்துப் பள்ளிகளை வரிசைப்படுத்தி வையுங்கள். துறப்பதை அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். பட்டியல் வருமுன் எழுதிக் கொடுத்துவிட வேண்டாம். துறந்தவர் பெயர் நினைத்தவுடன் மறுபடி ஏறாது.

டெட் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, எட்டாம் வகுப்புவரை கற்பிக்கும் ஆசிரியர்களில் ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேர்ச்சி பெற்றாக வேண்டும். ஐந்து ஆண்டுக்குள் ஓய்வு பெறுகிறவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் டெட் இல்லாமல் பதவி உயர்வு இல்லை. உங்களிடம் 2012 சான்றிதழ் இருக்கிறது. அது வாழ்நாள் முழுவதும் செல்லும். இருபது ஆண்டு உழைத்த மூத்த ஆசிரியர்கள் பலர் இன்று தவிக்கும் ஒரு கவலை உங்களுக்கு இல்லை.

கடைசியாக ஆவணங்கள். பதவி உயர்வுப் பட்டியல் ஜனவரி 1 நிலவரப்படி தயாராகிறது. அந்தத் தேதியில் உங்கள் எம்.எஸ்சி. பணிப்பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். பணியில் சேர்ந்தபின் படித்ததாக இருந்தால் துறை முன்அனுமதிக் கடிதம் இருக்கிறதா, பட்டச் சான்றிதழ்களுக்கு உண்மைத்தன்மைச் சான்று வந்துவிட்டதா, டி.ஆர்.பி. எனப்படும் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தரவரிசை எண் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். எமிஸில் உள்ள விவரமும் பணிப்பதிவேடும் ஒன்றுபோல இருக்க வேண்டும். தகுதி இருந்தும் ஒரு பதிவு விடுபட்டதால் பெயர் இல்லாமல் போனவர்கள் உண்டு.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்து என் கருத்தைக் கேட்டால், ஏற்றுக்கொள்ளுங்கள் என்பேன். இயற்பியலை விரும்பிப் படித்திருக்கிறீர்கள், இன்னும் பத்தொன்பது ஆண்டு பணி இருக்கிறது, அத்தனை ஆண்டையும் பட்டியலுக்காகக் காத்துக் கழிக்கக் கூடாது. ஆனால் இரண்டு வாரக் குறிப்பில் "ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்" என்பதுதான் இதமான பக்கத்தில் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் என் கருத்தை ஒதுக்கிவிடுங்கள். துறப்புக் கடிதத்தைத் தயங்காமல் கொடுத்துவிட்டு, வரும் ஜூனில் தலைமை ஆசிரியரிடம் பாடவேளையை மாற்றித் தரக் கேளுங்கள்.