கோச் கொடுத்த மாத்திரை, அவசரக் கையெழுத்து

கேள்வி: என் மகனுக்கு 17 வயது, பளு தூக்குபவன். நான்கு மாதமாக அவனுடைய கோச் ஒரு பவுடரும், கவரில் மடித்து மாத்திரையும் கொடுத்து மாதம் 2,500 ரூபாய் வாங்கினார். சத்து மாத்திரை என்றுதான் சொன்னார். தேசிய ஜூனியர் போட்டியில் வெண்கலம் வாங்கினான். அன்று எடுத்த சிறுநீரில் ‘மெட்டாண்டியனோன்’ இருந்ததாக நாடாவிலிருந்து (தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை) குற்றச்சாட்டுக் கடிதம் வந்திருக்கிறது. தடை 4 ஆண்டு, 20 நாளுக்குள் ஒப்புக்கொண்டால் ஓராண்டு குறையும் என்கிறார்கள். “கையெழுத்துப் போட்டு முடித்துவிடுங்கள், என் பெயரை இழுக்காதீர்கள்” என்கிறார் கோச். போலீசுக்குப் போகலாமா? பேப்பரில் பெயர் வருமா?
- ஒரு தந்தை, திண்டுக்கல்

பதில்: முதலில், அந்த ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். 20 நாள் கெடுவைத் தவறவிடவும் வேண்டாம். கெடுவுக்குள் “விசாரணை வேண்டும்” என்று எழுத்தில் பதில் போக வேண்டும்.

ஏன் சொல்கிறேன் என்றால், மெட்டாண்டியனோன் என்பது ஜிம் பையன்கள் ‘டயனபால்’ என்று சொல்லும் ஸ்டீராய்டு. உடம்பில் இருந்தாலே விதிமீறல். தெரிந்து சாப்பிட்டானா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி. பெரியவர்களுக்கு இதற்கு வழக்கமாக 4 ஆண்டு கேட்பார்கள், ஒப்புக்கொண்டால் 3. ஆனால் உங்கள் மகன் 18 வயதுக்குள் இருக்கிறான். பதிவு செய்யப்பட்ட சோதனைப் பட்டியலில் (தொடர்ந்து சோதிக்கக் குறித்துவைத்த முன்னணி வீரர்களின் பட்டியல்) இல்லை, சர்வதேச ஓபன் (வயது வரம்பில்லாத) பிரிவில் ஆடியதில்லை என்றால், விதிகள் அவனைப் ‘பாதுகாக்கப்பட்ட நபர்’ என்கின்றன. தன் பக்கம் பெரிய தவறு இல்லை என்று காட்டிவிட்டால் அவனுக்கு அதிகபட்சமே 2 ஆண்டுதான். வெறும் கண்டிப்போடு விடவும் வழி உண்டு. இரண்டில் முடியக்கூடியதை மூன்றுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பானேன்? கோச்சுக்கு எதற்கு இந்த அவசரம் என்பது கொஞ்சம் கீழே புரியும்.

பெரியவர்களுக்கு இன்னொரு சுமை உண்டு: மருந்து உடம்புக்குள் எப்படி வந்தது என்பதையும் அவர்களே காட்ட வேண்டும். சிறுவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இருந்தாலும் காட்ட முடிந்தால் காட்டுங்கள். ‘கோச் கொடுத்தார்’ என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். 2011இல் இந்திய ஓட்ட வீராங்கனைகள் சிலர் இதே போன்ற ஸ்டீராய்டில் சிக்கினார்கள். கோச் கொடுத்த ஜின்செங் என்ற மூலிகைச் சத்து மாத்திரையில் கலந்திருந்தது என்று சொன்னார்கள். இங்குள்ள ஒழுங்கு நடவடிக்கைக் குழு ஓராண்டு தடை விதித்தது. அடுத்த ஆண்டே சுவிட்சர்லாந்திலுள்ள விளையாட்டு நடுவர் மன்றம் அதை 2 ஆண்டாக உயர்த்திவிட்டது. டப்பாவை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிட்டதே தவறு என்றுதான் பார்க்கப்பட்டது. உங்கள் மகனுக்கு வயதும் அனுபவமின்மையும் துணைக்கு இருக்கின்றன, அவ்வளவுதான்.

அதனால் இன்றே செய்ய வேண்டியது: பவுடர் டப்பாவைக் கழுவிவிடாதீர்கள், மாத்திரைக் கவரையும் தூக்கிப் போடாதீர்கள். மீதி இருப்பதை அப்படியே ஒரு பையில் போட்டு ஒட்டி வையுங்கள். ஜிபேயில் அனுப்பிய 2,500 ரூபாய்களின் ஸ்கிரீன்ஷாட், “காலையில ரெண்டு போடு” மாதிரி வாட்ஸ்அப் செய்திகள், குரல் பதிவுகள் எல்லாம் வேண்டும். பிறப்புச் சான்றிதழும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் வயதுக்கு.

அப்புறம், மாதிரி எடுத்த அன்று பையனிடம் ஒரு படிவத்தின் நகல் கொடுத்திருப்பார்கள். அதில் சமீபத்தில் சாப்பிட்ட மருந்து, சப்ளிமென்ட் எழுதும் ஒரு கட்டம் இருக்கும். அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பவுடர் பெயரை அவன் எழுதியிருந்தால் மறைக்கும் எண்ணமில்லை என்று வாதாடலாம். காலியாக விட்டிருந்தால், ஏன் விட்டான் என்பதற்கு நேர்மையான பதிலைத் தயார் செய்யுங்கள். “எழுதாதே என்று கோச் சொன்னார்” என்பதுதான் உண்மையென்றால் அதையே சொல்லட்டும்.

பி மாதிரியை (அதே சிறுநீரில் தனியாக எடுத்து வைத்த இரண்டாவது பாட்டில்) சோதிக்கச் சொல்லலாமா என்று பலர் கேட்பார்கள். மாத்திரை சாப்பிட்டது உண்மை என்னும்போது அந்தச் செலவு வீண்.

இனி கோச். சிறுவன் சிக்கினால் அவனுடைய பயிற்சியாளரைத் தானாகவே விசாரிக்க வேண்டும் என்கிறது விதி. இந்த வகை ஸ்டீராய்டைச் சிறுவனுக்குக் கொடுத்தது நிரூபணமானால் கோச்சுக்கு ஆயுள் தடை. உங்கள் கையெழுத்துக்கு அவர் ஏன் துடிக்கிறார் என்று இப்போது தெரிகிறதா? ஆதாரத்தோடு அவரைப் பற்றித் தகவல் கொடுத்து அது நடவடிக்கைக்கு உதவினால், உங்கள் மகனின் தடையில் முக்கால் பங்கு வரை நிறுத்திவைக்கவும் இடமுண்டு.

போலீஸைப் பொறுத்தவரை, ஊக்கமருந்து எடுத்துக்கொண்டது நம் நாட்டில் கிரிமினல் குற்றம் அல்ல. 2022ஆம் ஆண்டு ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் விளையாட்டுத் தடையோடு நிற்கிறது. ஆனால் உரிமம் இல்லாமல் மருந்து விற்பது 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டப்படி குற்றம். மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுங்கள். அந்த நகலை ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் முன் வைத்தால் நம் தரப்புக்கு எடை கூடும்.

வெண்கலம் போய்விடும், அதைக் காப்பாற்ற வழியில்லை. அந்தச் சான்றிதழை வைத்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் விண்ணப்பிக்க வேண்டாம்; பின்னால் சீட்டே ரத்தாகும். பெயர் விஷயத்தில் கொஞ்சம் நிம்மதி: சிறுவர்களின் பெயரை வெளியிட்டே ஆக வேண்டும் என்று விதி கட்டாயப்படுத்தவில்லை. வெளியிட வேண்டாம் என்று பதில் கடிதத்திலேயே ஒரு பத்தி எழுதிக் கேளுங்கள். தீர்ப்பு பாதகமாக வந்தால் அது கைக்குக் கிடைத்து 21 நாளில் மேல்முறையீடு.

கோச் மறுபடி போன் செய்தால் பேச்சை வளர்க்காதீர்கள். சொல்ல வேண்டியதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.