ஒரே கிரீனில் கொடியின் இடம் மாறினால் ஆட்டத்தின் கடினம் ஏன் மாறுகிறது?

கோல்ஃப் மைதானத்தில் கொடி நட்டு அடையாளம் காட்டும் குழியின் இடத்தை அடிக்கடி மாற்றுவது ஏன், அதற்கேற்பக் கிரீனை (குழியைச் சுற்றிலும் புல்லைக் குட்டையாக வெட்டிய பரப்பை) எப்படி வடிவமைக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முதற்காரணம் புல்தான்: குழி ஒரே இடத்தில் நீடித்தால் சுற்றிலும் காலடி பட்டுப் புல் நைந்துவிடும். வடிவமைப்பாளருக்கோ இந்த இடமாற்றமே வாய்ப்பாகிறது.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள அகஸ்டா நேஷனல் மைதானத்தின் ‘16ஆம் குழி’யை, அதாவது முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து கிரீன் வரையிலான ஆட்டப் பகுதியைப் பாருங்கள். 170 கஜ நீளமும் மூன்று முறை அடித்துப் பந்தைக் குழியில் சேர்க்க வேண்டும் என்ற இலக்கும் கொண்ட இதனை 1947இல் ராபர்ட் டிரென்ட் ஜோன்ஸ் மாற்றி வடிவமைத்தார். கிரீன் வலப்புறம் உயர்ந்து, குளம் இருக்கும் இடப்புறம் நோக்கிச் சரிகிறது. இம்மைதானத்தில் ஆண்டுதோறும் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியின் இறுதி நாளில் வழக்கமாக இடப்புறத் தாழ்வில்தான் கொடி நிற்கும். குளத்துக்கு அஞ்சி வலப்பக்கம் அடித்த பந்தையும் சரிவே குழியருகே உருட்டிக் கொண்டுவரும் என்பதால், பார்ப்பதற்கு அச்சமூட்டினாலும் அது உண்மையில் தாராளமான இடம். (2005இல் டைகர் உட்ஸ் கிரீனுக்கு வெளியிலிருந்து தட்டிய பந்து குழிக்குள் விழுந்ததும் இச்சரிவின் துணையோடுதான்.) கொடி வலப்புற மேட்டுக்குப் போனாலோ, அதே சரிவு பகையாகிறது, சற்றே பிசகிய பந்து கீழே வெகுதூரம் ஓடிவிடும்.

ஆயினும் குழியைச் சுற்றிச் சில அடிகளாவது ஏறக்குறையச் சமமாக இருந்தாக வேண்டும். புல்லை மிகக் குட்டையாக வெட்டிப் பந்தின் ஓட்டத்தை விரைவாக்கும் இக்காலத்தில், முன்பு ஏற்றதாயிருந்த சரிவுகளில் பந்து நிற்பதே இல்லை. ஆகவே கிரீனின் மொத்தப் பரப்பைவிட, அதில் கொடி நடத்தக்க மென்சரிவுத் திட்டுகள் எத்தனை என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.