கரையோரக் கேள்விகள்: கண்டல் நட்டால் ஓடை பிழைக்குமா?

(மட்டக்களப்பில் நீர்ப்பாசன வேலைத்தலங்களில் நின்று ஓய்வுபெற்ற ஒருவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எங்கள் பாடசாலைக்குப் பின்னால், கடலோடு கலக்கும் வாவிக்குப் போகும் ஓடை, றோட்டுப் போட்டபோது ஒற்றைக் குழாய்க்குள் அடங்கிவிட்டது. இப்போது முழுக்க ஆற்றுவாழை என்ற மிதக்கும் களை. சுற்றாடல் கழகப் பிள்ளைகள் உப்புத்தண்ணீர்க் கரையில் வளரும் கண்டல் மரத்தில் ஐந்நூறு கன்று நட ஆசைப்படுகிறார்கள். எப்படி நடுவது?
– ஓர் ஆசிரியை, கிரான்குளம்

பதில்: டீச்சர், கன்று இருக்கட்டும். முதலில் ஆற்றுவாழையைப் பாருங்கள். அது உப்பைத் தாங்காத செடி. ஆவணியில் வாவி உப்பேறி நிற்கும்போதும் உங்கள் ஓடையில் அது பச்சைப்பசேலென்று நின்றால், வாவித் தண்ணீர் அந்தக் குழாயைத் தாண்டி உள்ளே வரவில்லை. உப்பும் தண்ணீரும் வந்து போகாத இடத்தில் கண்டலுக்கு என்ன வேலை? (ஆற்றுவாழையை ஒழிக்க இந்த நாட்டில் 1909இலேயே தனிச் சட்டம் போட்டார்கள். செடிக்கு யாரும் அதை வாசித்துக் காட்டவில்லை போல.)

சுனாமிக்குப் பிறகு நானும் ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து கன்று நட்டவன். போட்டோ எடுத்தார்கள், குளிர்பானம் தந்தார்கள். மாரியில் வாவி ஏறியது, கடலோடு சேரும் முகத்துவாரத்தை அடைத்த மணலை வெட்டுமட்டும் வடியவில்லை. பாதிக் கன்று மூச்சு முட்டிச் செத்தது. மீதியை மாடு மிதித்தது. எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல இது. இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களைப் பார்த்து 2017இல் வெளிவந்த ஆய்வொன்று, அவற்றில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை என்கிறது. பிழையான மட்டத்தில் நட்டதும் மாடும்தான் அங்கேயும் முக்கிய காரணங்கள்.

ஆகவே கடிதம் எழுதுவதென்றால் கன்று கேட்டு எழுதாதீர்கள், மதகு கேட்டு எழுதுங்கள். அந்தக் குழாயைக் கிளப்பிவிட்டு அகலமான மதகு வைத்தால் பாதி வேலை முடிந்தது. ஆற்றுவாழையை வேரோடு இழுத்துக் கரையில் போடுங்கள்; துண்டு துண்டாக வெட்டித் தண்ணீரில் விட்டால் ஒவ்வொரு துண்டும் தளிர்க்கும். மறுகா கரைக்கு மாட்டுவேலி. கண்டல்காய் முருங்கைக்காய் போலத் தொங்கி, விழுந்து, மிதந்து வந்து தானே வேர்விடும். இரண்டு மாரி பொறுத்துப் பாருங்கள். வராவிட்டால் நடலாம், ஆனால் வாவிக்கரையில் ஏற்கெனவே நிற்கும் கண்டலின் அடி எந்த மட்டமோ, அதே மட்டத்தில். மேசன்மார் மட்டம் பார்க்கிற தண்ணீர் ரியூப் போதும். பிள்ளைகளுக்கும் அது நல்ல கணக்குப் பாடம்.

கண்டலோடு சேர்ந்து நிற்கும் தில்லை மரத்துப் பக்கம் மட்டும் பிள்ளைகளை விடாதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகக்கூடும்.

கேள்வி: முகத்துவாரத்தை வருடம் முழுக்கத் திறந்து வைத்தால் எங்கள் வயல் தாழாதே?
– ஒரு விவசாயி, வவுணதீவு

பதில்: திறந்து வைப்பது நீங்களும் நானும் அல்ல, வெள்ளம். வெள்ளத்தின் வேகம் குறைந்ததும் கடல் அலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கும். முந்தி வெட்டினால் வாவி இறங்கி, உப்பு உங்கள் வரம்படிக்கே ஏறும். வாவியில் மீன்பிடிக்கும் தோணிக்காரரும் சண்டைக்கு வருவார்கள். பிந்தினால் பெரும்போக நெல் தண்ணீருக்குள். ஒவ்வொரு மாரியிலும் வயல்காரரும் தோணிக்காரரும் ஒரே மேசையில் இருந்து பேசித்தான் நாள் குறிக்க வேண்டும். சத்தம் வரும், வரட்டும்.

கேள்வி: பட்டிப்பளை ஆறும் கல்லோயாவும் ஒன்றா?
– ஒரு மாணவன், சம்மாந்துறை

பதில்: ஒன்றேதான் மனே. பதுளைக்குக் கிழக்கே மலையில் பிறந்து 108 கிலோமீற்றர் ஓடி, கல்முனைக்குத் தெற்கே கடலில் விழுகிறது. 1949இல் இங்கினியாகலையில் அணை கட்டத் தொடங்கினார்கள். அங்கே தேங்கியதுதான் சேனாநாயக்க சமுத்திரம். மட்டக்களப்பில் இருக்கும் பட்டிப்பளைப் பிரதேச செயலாளர் பிரிவு வேறு. ஆறு பார்க்கவென்று வெளிக்கிட்டு அங்கே போய் இறங்கினால், கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு வரலாம்.